சொந்தப் படையையே அடிக்கும் ஓர்க்குகள்

குட்டிப் பொம்மைப் படைகளை மேசைமேல் மோதவிடும் வார்ஹாமர் விளையாட்டில், ஓர்க் என்னும் கொடூரக் கற்பனை இனத்தின் படையை நடத்துகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அதன் பல பதிப்புகளில், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அணிவாரியாகப் பகடை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் அந்த அணி கட்டளைக்குப் படியாது. தங்களுக்குள் அடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். சில நேரம் பக்கத்து அணியின் மீதே பாயும். அனிமாசிட்டி என்று இதற்குப் பெயர். நான் சொல்வது பங்காளிச் சண்டை.

எனக்கென்று ஒரு வில்லன் படை அமைக்க முடிவு செய்து, குட்டிப் பொம்மைகளுக்குக் கறுப்பு அடிப்பூச்சு கொடுத்து, மேலே பச்சை ஏற்றி, மூக்கிலும் முட்டியிலும் காய்ந்த தூரிகையால் மஞ்சள்பச்சையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது இந்த விதிதான் மனதைக் குடைந்தது. ஆடுபவரைத் தோற்கவைக்கக்கூடிய ஒன்றை யார் முதலில் எழுதினார்கள்?

வார்ஹாமர் 1983இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பிரையன் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி ஆகிய மூவரும் உருவாக்கியது. ஆனால் சண்டைக்கார ஓர்க்குகள் அதற்கும் 12 ஆண்டுகள் மூத்தவை. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் விதிநூலின் பின்பகுதியில், மாயப் படைகளுக்கான இணைப்பு ஒன்று இருக்கிறது. படைகளை ஒழுங்கின் பக்கம், குழப்பத்தின் பக்கம் என்று அது பிரிக்கிறது. ஓர்க்குகளை மோர்டோர், ஐசன்கார்ட் என இனங்களாகவும் பிரிக்கிறது. வெவ்வேறு இனத்து அணிகள் பாய்ச்சல் தொலைவுக்குள் வந்துவிட்டால் ஒன்றையொன்று தாக்கும்; பகடை கைகொடுத்தால்தான் தப்பலாம். நான் தேடிய விதியின் மூதாதை இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்கு முன்னால் போய்ப் பார்த்தேன். 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் வகுத்த கிரீக்ஸ்பீல், 1913இல் எச்.ஜி. வெல்ஸ் எழுதிய லிட்டில் வார்ஸ் ஆகிய போர் விளையாட்டுகள் இரண்டிலும் சிவப்புப் படை, நீலப் படைதான். கிரீக்ஸ்பீலில் கட்டளை தாமதமாகப் போய்ச் சேரலாம். சேர்ந்தபின் மறுப்பவர் இல்லை. வில்லன் என்று ஒருவரே அங்கு கிடையாது. ஆகவே விதியின் வேர் விளையாட்டில் இல்லை, கதையில் இருக்கிறது. இனப்பெயர்களே அந்தக் கதையைக் காட்டிக்கொடுக்கின்றன: டோல்கீன்.

அவருடைய தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் நாவலின், 1954இல் வந்த இரண்டாம் பாகத்தில், பிடிபட்ட ஹாபிட்டுகளை ஐசன்கார்டுக்குக் கொண்டுபோவதா மோர்டோருக்கா என்று உக்ளுக், கிரிஷ்னாக் என்ற இரு ஓர்க் தலைவர்கள் முட்டிக்கொள்கிறார்கள். கத்திகள் உருவப்படுகின்றன, தலைகள் உருள்கின்றன. செத்து விழுந்த ஓர்க்கின் கத்தியால்தான் அந்த ஹாபிட்டுகளில் ஒருவனான பிப்பின் தன் கைக்கட்டை அறுத்துக்கொள்கிறான். அடுத்த ஆண்டு வந்த மூன்றாம் பாகத்தில் இதைவிடப் பெரிய ரகளை. சிரித் உங்கோல் கோபுரத்தில், அங்கே சிறைப்பட்ட ஹாபிட்டான ஃப்ரோடோ அணிந்திருந்த மித்ரில் கவசச் சட்டைக்காக ஷாக்ராட்டின் ஆட்களும் கோர்பாக்கின் ஆட்களும் வெட்டி மடிகிறார்கள். நண்பனை மீட்கத் தனியாக நுழையும் தோட்டக்காரன் சாம் பார்ப்பது பெரும்பாலும் பிணங்களை. ஒரு கோட்டைப் படையைத் தோட்டக்காரன் ஒருவன் வெல்வதை நம்பவைக்க வேறு வழியே இல்லை. டோல்கீனின் கதைக் கட்டுமானத்தில் நான் மிக மதிக்கும் இடம் இது.

(பச்சைத் தோல் அவருடையதல்ல. அவருடைய ஓர்க்குகள் கறுத்தோ வெளிறிய மஞ்சளாகவோ இருப்பவை. பச்சையை எங்கும் பரப்பியது வார்ஹாமர்.)

டோல்கீன் 1916இல் சோம் போர்முனையில் தகவல் தொடர்பு அதிகாரியாக இருந்தவர். கட்டளைகளைக் கொண்டுசேர்ப்பதே அவர் வேலை. படை என்பது உள்ளிருந்து எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர். 1944இல் மகன் கிறிஸ்டோபருக்கு எழுதிய கடிதமொன்றில், நிஜ வாழ்க்கையில் ஓர்க்குகள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள் என்ற பொருளில் குறிப்பிடுகிறார். அவர் ஓர்க்குகளிடம் வைத்த குணம் வெறும் கொடூரமில்லை. பயத்தால் மட்டும் கட்டிவைக்கப்பட்ட கூட்டம், பிடி சற்றுத் தளர்ந்ததும் சிதறும். கைகாக்ஸ் அதைப் பகடையாக மாற்றினார். இத்தனை நேர்மையாகக் கதையிலிருந்து பிறந்த விதி இந்தப் பொழுதுபோக்கில் அபூர்வம் என்பேன்.

இப்போது என் படையை இரண்டாகப் பிரித்திருக்கிறேன்: ஒரு பாதியின் கேடயத்தில் ஐசன்கார்டின் வெள்ளைக் கை, மறுபாதியில் மோர்டோரின் சிவப்புக் கண். ஓர்க் படை அமைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் பெட்டி வாங்கும் முன், இரண்டாம் பாகத்தின் உருக்-ஹாய் அத்தியாயத்தை வாசித்துவிடுங்கள்.