மெட்ரோவை நம்பிப் பெண் கேட்டவன்

பெண் பார்க்கப் போன இடத்தில் பொய் சொல்லாத மாப்பிள்ளை உண்டா? சம்பளத்தில் ஆயிரம், ரெண்டாயிரம் கூட்டிச் சொல்வார்கள். சிகரெட்டை மறைப்பார்கள். நான் ஒரு ரயிலையே சொன்னேன்.

2023 ஆவணி மாதம். மேலூரில் பெண் வீடு. கேசரி, பஜ்ஜி எல்லாம் உள்ளே போயாச்சு. பெண்ணுக்கு ஒத்தக்கடையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. மேலூரில் பஸ் ஏறினால் அரை மணியில் ஆபீஸ். என் வீடோ மதுரைக்கு அந்தப் பக்கம், திருமங்கலம். எனக்கு வேலை கப்பலூர் தொழிற்பேட்டையில்.

"தம்பி, பிள்ளை வேலைக்குப் போய்ட்டு வரத் தோதுப்படுமா?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"அதுக்கென்னங்க... மெட்ரோ வருதுல்ல!"

அந்த வருஷம் மார்ச் பட்ஜெட்டில்தான் மதுரை மெட்ரோவுக்கு 8,500 கோடி என்று தமிழக அரசு அறிவித்திருந்தது. திருமங்கலத்தில் ஆரம்பித்து ஒத்தக்கடையில் முடிகிற பாதை. சுமார் 32 கிலோமீட்டர். என் வீட்டிலிருந்து அவள் ஆபீசுக்கென்றே கோடு போட்ட மாதிரி! திருப்பரங்குன்றம், பசுமலை, மாட்டுத்தாவணி என்று பெரும்பகுதி தூண்கள் மேலே. ஜங்ஷன், வைகைப் பக்கம் மட்டும் பூமிக்கடியில்.

"நாற்பதே நிமிஷம்" என்று அடித்து விட்டேன்.

உள் அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சராசரியா மணிக்கு 35 கிலோமீட்டர்தான் போகும். ஸ்டேஷன்ல எல்லாம் நிக்கணும்ல? அம்பத்தஞ்சு நிமிஷம் ஆகும்."

அக்கவுண்ட்ஸ்! உஷாராகியிருக்க வேண்டும். நானோ அந்தக் கணக்கிலேயே விழுந்து விட்டேன்.

தையில் கல்யாணம். மாசியில் அவள் வேலைக்குக் கிளம்பினாள். திருமங்கலத்தில் ஒரு பஸ், பெரியாரில் இறங்கி இன்னொரு பஸ். ஒன்பது மணி ஆபீசுக்கு ஏழு மணிக்கே வாசலைத் தாண்ட வேண்டும். ரிங் ரோடு வழியாக மாட்டுத்தாவணி போகிற வெளியூர் பஸ் என்றால் சீக்கிரம்தான். நிறுத்தினால்தானே ஏறுவதற்கு? டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. காசு வாங்காத பஸ், நேரத்தை வாங்கிக் கொண்டது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்.

அவள் புலம்பியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து மணி வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். எப்போதாவது, "மெட்ரோ எப்பங்க வருது?" என்று, ஊரிலிருந்து வர வேண்டிய சித்தப்பாவை விசாரிப்பது போலக் கேட்பாள்.

நானும் பேப்பர் பார்த்துச் செய்தி சொல்வேன். திட்ட அறிக்கை போயாச்சு என்பேன். செலவு 11,000 கோடியைத் தாண்டி விட்டது என்பேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சென்னையில் 2009-ல் வேலை தொடங்கி, கோயம்பேடு - ஆலந்தூர் 10 கிலோமீட்டரில் முதல் ரயில் ஓடியது 2015 ஜூன் 29-ல். நடுரோட்டில் ஆழத் துளை போட்டு அஸ்திவாரம் இறக்க வேண்டும். தூண் எழுப்ப வேண்டும். வேறு இடத்தில் வார்த்த கான்கிரீட் துண்டுகளை ராத்திரியில் லாரியில் கொண்டு வந்து, தூக்கிக் கோத்து, உள்ளே கம்பி வடம் இழுத்து இறுக்க வேண்டும். நம்ம நத்தம் ரோட்டுப் பாலம் 7.3 கிலோமீட்டர்தான். 2023-ல் அது திறக்கும்வரை எவ்வளவு புழுதி குடித்தோம்! மெட்ரோ வேலை நாளைக்கே ஆரம்பித்தாலும் அஞ்சாறு வருஷம் ஆகும். பெண் பார்த்த அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாதா? யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

2025 நவம்பரில் செய்தி வந்தது. மதுரை, கோவை இரண்டு மெட்ரோ திட்டங்களையும் மத்திய அரசு திருப்பி அனுப்பி விட்டது. 2017 மெட்ரோ கொள்கைப்படி ஊரில் 20 லட்சம் பேர் இருக்க வேண்டுமாம். 2011 கணக்கெடுப்பில் மதுரைக்குச் சுமார் 15 லட்சம்தானாம்.

"ஆக்ராவுக்கும் அந்தக் கணக்குல 20 லட்சம் கிடையாது. அங்க 2024-லயே ரயில் ஓடிருச்சு!" என்று நான் வீட்டுக்குள் கொதித்தேன்.

அவள் அப்போது ஐந்து மாதம். "2011-ல நான் எட்டாப்பு படிச்சேங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "டாக்டர் பஸ்ல அலைய வேணாங்குறாங்க. வேலைய விட்ரவா?"

அழவில்லை. மாசக் கடைசியில் கணக்கு முடிக்கிற தொனியில் கேட்டாள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அந்த வேலையில் அவள் எவ்வளவு கெட்டி என்று எனக்குத் தெரியும்.

கீரை ஆய்ந்து கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "ரயிலு வர்ற வரைக்கும் வயித்துப் பிள்ளை காத்திருக்குமாடா? அங்கிட்டுப் போய் வீடு பாரு. ஏன், உனக்குக் காலில்லையா பஸ் ஏற?"

சத்தியமாகச் சொல்கிறேன். ரெண்டு வருஷத்தில் அந்த யோசனை எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

தை பிறந்ததும் உத்தங்குடியில் வாடகைக்கு வீடு. அம்மா சொந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்று விட்டாள். அவளுக்கு ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் ஆபீஸ். இப்போது பெரியாரில் இறங்கி பஸ் மாறுவது நான். முதல் நாள் ராத்திரி வீடு திரும்பி, ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தேன். தண்ணீர் கொண்டு வந்தாள்.

"ரெண்டு வருஷமா இதையா பண்ணிக்கிட்டிருந்த?"

"ம்" என்றாள். "ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்குங்க. சரியாயிரும்."

இப்போது பாப்பாவும் வந்தாச்சு. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாவால் நின்று போனது. அடுத்தது 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். வரட்டும். திருமங்கலம் நகராட்சியிலிருந்து மதுரை மாநகராட்சிக்கு இரண்டு தலை, புது வரவு ஒன்று, ஆக மூன்று. இருபது லட்சத்துக்கு எங்களால் ஆனது இவ்வளவுதான். மீதியை மற்ற மதுரைக்காரர்கள் பார்த்துக் கொள்ளவும்.