இடுப்பை அளந்தபின் நாற்காலி

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது அந்தப் பட்டறை. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களைப் பழுது பார்ப்பதுதான் அங்கே பிழைப்பு. நடுநடுவே வீல்சேர்களும் வந்து சேரும். நான் போன அன்று வாசலில் கிடந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கோளாறு: முன்சக்கரம்.

மெக்கானிக் ஒரு வீல்சேரைக் கவிழ்த்துப் போட்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை விரலால் ஆட்டிக் காட்டினார். கேஸ்டர் என்று சொல்லும் சின்னச் சக்கரம் அது. எந்தப் பக்கமும் திரும்ப வேண்டும். இது திரும்பவில்லை. பேரிங்கைத் தட்டி எடுத்தபோது மண்ணும் துருவும் கிரீஸும் குழைந்து, கருப்பாக விரலில் ஒட்டியது.

“ஆஸ்பத்திரி டைல்ஸ்ல ஓட்றதுக்குப் பண்ணது சார் இது. நம்ம ரோட்ல எப்படித் தாங்கும்?”

மழை பெய்தால் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் ஏறுவது ஊரறிந்த சங்கதி. வெள்ளத்துக்குப் பிறகு வரும் வண்டிகளின் பேரிங் எல்லாமே இப்படித்தான் இருக்கும் என்றார். அவருடைய வருத்தம் வேறு ஒன்றில். “சைக்கிள் கடையில கிடைக்கிற பேரிங்கா வச்சிருந்தா அரை மணி நேர வேலை. தனி சைஸு வச்சிருக்கான். பாரிஸ் கார்னர் போய்த் தேடணும்.” தேடி வரும்வரை அந்த வீல்சேருக்கு உரியவர் வீட்டுக்குள் கிடக்க வேண்டியதுதான்.

பொறியியல் வகுப்பில் வடிவமைப்பின் கடைசிக் கட்டமாகப் பராமரிப்பைச் சொல்வார்கள். அது முதல் கட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பதை அந்தத் துருப்பிடித்த பேரிங் எனக்குக் காட்டியது. வீல்சேர்களுக்கான ஐஎஸ்ஓ 7176 தரச் சோதனையில் நாற்காலியை மேடு வைத்த உருளைகள் மேல் இரண்டு லட்சம் சுற்று ஓட்டுவார்கள். ஐந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 6,666 முறை கீழே போடுவார்கள். கடுமையான சோதனைதான். ஆனால் அதில் சேறு கிடையாது, துரு கிடையாது. இந்தக் குறையைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேஸ்டருக்கென்றே அரிப்பையும் தேய்மானத்தையும் சேர்த்து ஒரு சோதனையை உருவாக்கினார்கள்.

அன்று பட்டறைக்கு ஒரு பெண்மணி வந்திருந்தார். தண்டுவடத்தில் அடிபட்டவர். “அக்கா, கொஞ்சம் முன்னாடி சாயுங்க” என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் அவர் உட்கார்ந்திருந்த இருக்கையை என்னிடம் காட்டினார். பதினெட்டு அங்குல அகலம். அக்காவோ ஒல்லியான உடம்பு. இரண்டு பக்கமும் பழைய துண்டுகளைச் சுருட்டிச் செருகியிருந்தார். துண்டு நழுவினால் உடம்பு ஒரு பக்கம் சரிகிறது, முதுகு வளைகிறது. சக்கரத்தை எட்டிப் பிடிக்க இரண்டு கைகளையும் அகல விரிக்க வேண்டும், தோள் வலி எடுக்கிறது. சரிந்த பக்கத்து எலும்பின்மேல் முழு பாரமும் இறங்குகிறது. உணர்ச்சியற்ற உடம்பில் அந்த இடம் புண்ணாவது கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும். அந்த வீல்சேரை ஒரு விழாவில் மேடையேற்றிக் கொடுத்தார்களாம். கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார்கள். அளவு மட்டும் யாரும் கேட்கவில்லை.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கிண்டியில் இறங்கினால் சென்னை ஐஐடி பக்கம்தான். அங்கே பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் வழிநடத்தும் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி மையம் இந்தக் கேள்விகளோடுதான் மல்லுக்கட்டுகிறது. 2019 நவம்பரில் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ‘அரைஸ்’ என்ற வீல்சேரை வெளியிட்டார்கள். உட்கார்ந்திருப்பவர் அடுத்தவர் உதவியில்லாமல் அதிலேயே எழுந்து நிற்கலாம். நின்றால் ரத்த ஓட்டம் சீராகும், படுக்கைப்புண் தள்ளிப்போகும், அலமாரியின் மேல்தட்டு எட்டும். விலை சுமார் 15,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதே மையத்திலிருந்து 2022-இல் வந்த ‘கதம்’ செயற்கை முழங்கால் 160 பாகை வரை மடங்கும். ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் காலை மடக்க முடியாமல் தவித்தவருக்கு அந்த எண்ணின் மதிப்பு தெரியும்.

அந்த ஐஐடி ஆராய்ச்சியிலிருந்து பிறந்த நியோமோஷன் நிறுவனத்தின் ‘நியோஃபிளை’யை 18 விதங்களில் உடம்புக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பின்சக்கரத்தின் அச்சு தோளுக்குக் கீழே வருமாறு அமைத்தால் தள்ளுவது எளிது, முன் கேஸ்டரின் மேல் பாரமும் குறையும். ‘நியோபோல்ட்’ என்ற மோட்டாரை முன்னால் மாட்டினால் அந்தச் சின்னச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும். வீல்சேர் மூன்று சக்கர வண்டியாகி மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும். முடிச்சூர் சாலையின் குழிகளைப் பார்த்த எனக்கு இந்த யோசனைதான் எல்லாவற்றிலும் பிடித்தது.

ஆனால் அறிமுக விலையே நாற்காலிக்கு ஏறத்தாழ 40,000, மோட்டாருக்கு 55,000. கடையில் ஏழெட்டாயிரத்துக்கு ஒரு வீல்சேர் கிடைக்கும்போது கூலி வேலைக் குடும்பம் இதை எப்படி வாங்கும்? மலிவானது என்று வாங்கியதைப் பட்டறைக்கும் மருத்துவமனைக்கும் தூக்கிக்கொண்டு அலைகிற செலவு பில்லில் வராது என்பதும் உண்மைதான். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை ஐஐடி மட்டும் நிரப்ப முடியாது. மத்திய, மாநில அரசுகள் உதவி உபகரணங்களை இலவசமாகக் கொடுக்கின்றன. அந்தப் பணத்தில் உடம்பை அளந்து செய்வதற்கும், தாம்பரம் போன்ற ஊர்களிலேயே பழுது பார்ப்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டுப் பயிற்சியும் உதிரிபாகமும் கொடுக்க வேண்டும். எது முதலில் உடையும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் வீல்சேர் வாங்கிக் கொடுக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டுவதற்குமுன் அதில் உட்காரப்போகிறவரின் இடுப்பு அகலத்தை அளந்து வாங்கிக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தின் பேரிங் உங்கள் ஊர் சைக்கிள் கடையில் கிடைக்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள். கிடைக்காது என்றால் வேறு நாற்காலி பாருங்கள்.