கண்ணில் நெளிந்த புழு

பயிரில் புழு விழுந்தால் என்னைக் கேட்பது வழக்கம். சென்ற மழைக்காலத்தில் ஒரு மக்காச்சோள விவசாயி கேட்டது வேறு. "சார், வீட்டுக்காரி கண்ணுல புழு நெளியுது. மாட்டுக்குப் போடுற புழு மருந்துல ரெண்டு சொட்டு விடலாமா?"

போய்ப் பார்த்தேன். கண் சிவந்து நீர் வடிந்தது. வெள்ளை விழியின் மேல்தோலுக்கு அடியில் நூல் போல ஒன்று மெல்ல அசைந்தது. "எதையும் ஊத்தாதீங்க, இப்பவே கண் டாக்டர்கிட்ட கிளம்புங்க" என்றேன். இந்தப் புழு ஒரே இடத்தில் நிற்காது. உள்ளே நகர்ந்துவிட்டால் தேடி எடுப்பது சிரமம். மருத்துவர் மரத்துப்போகும் சொட்டு விட்டு, சிறிதாகக் கீறி, உயிரோடு வெளியே எடுத்தார்.

இதன் பெயர் டைரோஃபைலேரியா ரெபன்ஸ். நாயின் தோலுக்கடியில் வாழும் புழு. அதன் நுண்ணிய குஞ்சுகள் நாயின் ரத்தத்தில் திரியும். அந்த நாயைக் கடித்த கொசு, சில நாள் கழித்து நம்மைக் கடிக்கும்போது உள்ளே வருகிறது. மனித உடலில் பெரும்பாலும் பெருகாது. ஒற்றைப் புழுவாக அலைந்து இமையில் கட்டியாகவோ கண்ணில் நூலாகவோ தென்படும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. கேரளத்திலும் இலங்கையிலும் பலருக்கு வந்திருக்கிறது, தமிழ்நாட்டிலும் உண்டு.

மாட்டு மருந்து யோசனை வருவதற்குக் காரணம் இருக்கிறது. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின்தான், ஆப்பிரிக்காவில் கண்பார்வையைப் பறிக்கும் ஆற்றுக் குருடு நோய்க்கு 1987 முதல் மாத்திரையாக இலவசமாகத் தரப்படுகிறது. அங்கே கண்ணைக் கெடுப்பவை ஏராளமான குஞ்சுப் புழுக்கள். மாத்திரை அவற்றைக் கொல்கிறது. இங்கே இருப்பது வளர்ந்த ஒரே புழு. எடுத்துவிட்டாலே பெரும்பாலும் தீர்ந்தது. மாட்டு ஊசி மருந்தைக் கண்ணில் விட்டால் புண்ணாகும், பார்வைக்கே ஆபத்து. தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம். கண்ணைக் கசக்கவும் கூடாது.

தோட்டத்துக் காவல் நாயை விரட்ட வேண்டியதில்லை. புழு இருந்தாலும் பல நாய்கள் ஆரோக்கியமாகவே தெரியும். கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்து, அவர் சொல்லும் தடுப்பு மருந்தைக் கொடுங்கள். தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை காயவிட்டுக் கழுவுங்கள். பழைய டயர், சிரட்டையில் நீர் தேங்கவிடாதீர்கள். டெங்குவுக்கு எதிராகச் செய்யும் இந்த வேலையே கண்ணையும் காக்கும்.