பாயின்ட் ஒன் செவன்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஷேவிங் பிரஷ்ஷோடு கண்ணாடி முன் நிற்கிறேன். ஹாலில் இருந்து அண்ணன் குரல்.

''டேய், இங்க வாயேன்... மொகல் பார்க்கலாம்!''

''அக்பரா, ஔரங்கசீப்பா?'' என்றேன், பாதி முகத்தில் நுரையோடு.

அறுவை ஜோக்தான், ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் சிரிக்கவில்லை. விளையாட்டு விஷயத்தில் அவன் ரொம்ப ஸ்ட்ரிக்ட். அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சு கேட்காது. வார்த்தைகளும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் வரும். வெளியே அதிகம் போகாத மனுஷன் என்பதால், உலகத்தின் எந்த மூலையில் எவன் எதை உதைத்தாலும் எறிந்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு மாட்டியது பனிச்சறுக்கு. அதிலும் ஆண்கள் மொகல் போட்டி.

மொகலாயருக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது சார். ஆஸ்திரியா, பவேரியா பக்கத்து ஜெர்மன் பேச்சில் 'மூகல்' என்றால் சின்ன மேடு. அதுதான் இங்கிலீஷுக்குப் போய் மொகல் ஆனதாம். பனி மலைச் சரிவில் நாலு பேர் சறுக்கிக்கொண்டு போகிறார்கள். திரும்புகிற இடத்தில் பனி ஒதுங்கிக் குவிகிறது. அடுத்து வருபவன் அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறான். குவியல் இன்னும் பெரிசாகிறது. நம்ம தெருவில் ஒருத்தர் குப்பை கொட்டின இடத்திலேயே அடுத்தவரும் கொட்டுவார் இல்லையா, அந்தக் கதைதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஆட்கள் கீழே போகப் போக, இந்த மேடுகள் மெள்ள மெள்ள மலை மேலே ஏறுகின்றனவாம்! வருகிறவன் எல்லாம் ஒரு மேட்டின் கீழ்ப்பக்கத்தைச் சுரண்டி, அந்தப் பனியை அடுத்த மேட்டின் மேல்பக்கத்தில் அப்பிவிட்டுப் போவதால் இந்த விளைவு. (சும்மா உட்கார்ந்தபடியே மேலே போகிற ஆசாமிகளை நான் ஆபீஸில்தான் பார்த்திருக்கிறேன்.)

போட்டிக்கு இதையே மெஷின் வைத்து வரிசையாகக் கட்டிவிடுகிறார்கள். சுமார் 250 மீட்டர் சரிவு. கிட்டத்தட்ட நம் வீட்டு மாடிப்படி அளவுக்குச் செங்குத்து. மூன்றரை மீட்டருக்கு ஒரு மேடு. அதிலே காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு இறங்கணும். போதாக்குறைக்கு, நடுவில் இரண்டு இடத்தில் எம்பி, அந்தரத்தில் குட்டிக்கரணம் வேறு. எல்லாம் சேர்த்து 23, 24 செகண்ட். எங்கள் ஏரியா ஸ்பீட் பிரேக்கரில் ஷேர் ஆட்டோ ஏறி இறங்கினாலே எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது!

அண்ணன் போனைப் பக்கத்தில் நீட்டினான். ''முழங்காலைப் பாரு.''

முழங்காலில் பளிச்சென்று வேறு கலரில் ஒட்டுத்துணி. கால் எப்படி மடங்கி நிமிர்கிறது என்று ஜட்ஜ்களுக்குத் தெரியணுமாம். இடுப்புக்கு மேலே ஆள் பேங்க் மேனேஜர் மாதிரி அசையாமல் வருகிறான். இடுப்புக்குக் கீழே தையல் மெஷின்!

முதலில் கீழே வந்தவன்தான் ஜெயித்தவன் என்று நினைத்தால் தப்பு. 2010-ல் மொத்த மார்க்கில் பாதி, மேடுகளுக்கு நடுவே எவ்வளவு அழகாகத் திரும்புகிறான் என்பதற்கு. கால் பங்கு, அந்தர வித்தைக்கு. மீதிக் கால்தான் வேகத்துக்கு. பிறகு இதை நூறு மார்க்காக்கி, 60, 20, 20 என்று பிரித்துவிட்டார்கள். மார்க், சதவிகிதம் என்றதும் எனக்குள் இருந்த பி.காம். எழுந்து உட்கார்ந்தான். ஷேவிங் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

அண்ணன் காட்டியது 2010 பிப்ரவரி 14, வான்கூவர் ஒலிம்பிக்ஸ். இடம் சைப்ரஸ் மலை. அந்த வருஷம் பார்த்து மலையில் பனி போதவில்லை! லாரியிலும் ஹெலிகாப்டரிலும் பனியைக் கொண்டுவந்து, அடியில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, மேலே பூசி ஒப்பேற்றினார்கள். கல்யாண மண்டபத்தில் தண்ணீர் தீர்ந்து லாரியைக் கூப்பிட்ட கதை கனடாவிலும் உண்டு.

அந்த நாட்டுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. 1976-ல் மான்ட்ரியலிலும், 1988-ல் கால்கரியிலும் ஒலிம்பிக்ஸ் நடத்தினார்கள். இரண்டிலும் ஒரு தங்கம்கூட சொந்த மண்ணில் கிடைக்கவில்லை. விருந்து வைத்தவனுக்கே இலை கிடைக்காத கதை. 2010-லும் முன்னால் நின்றது டேல் பெக்-ஸ்மித். 2006 சாம்பியன். ஆஸ்திரேலியாக்காரர், ஆனால் பிறந்தது இதே வான்கூவரில்! இன்டர்நெட் பிசினஸுக்கும் பயிற்சிக்கும் ஒரே நேரத்தில் கனடா அணியில் இடம் கிடைக்காததால், டீன் ஏஜிலேயே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டவர். அவர் 26.58 எடுத்து முதலிடத்தில் நிற்கிறார்.

அடுத்து வந்தான் அலெக்ஸாண்டர் பிலோதோ. வயசு 22. 2006-ல் பதினோராவது இடம். மேலிருந்து கீழே வரை சந்தேகமே இல்லாத ஓட்டம். 26.75.

வித்தியாசம் 0.17. பாயின்ட் ஒன் செவன். ஆடிட்டில் இதை 'ரவுண்டிங் ஆஃப்' என்று தள்ளிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

இன்னும் ஒருவர் பாக்கி. தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்த பிரான்சின் கிபோ கோலா. அவர் இறங்கும்வரை யாருக்கும் உயிர் இல்லை. முடிவில் அவருக்கு ஆறாம் இடம். கனடா அழுதது, குதித்தது. கேமரா கூட்டத்துக்குள் போய் ஒருவரிடம் நின்றது. அலெக்ஸின் அண்ணன் பிரெடரிக். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். ஒரு வயசுக்கு மேல் நடக்க மாட்டார் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். மனுஷர் நின்றுகொண்டு, இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டிருக்கிறார்.

சின்ன வயதில் அலெக்ஸ் ஆடியது ஐஸ் ஹாக்கிதானாம். குடும்பமே சேர்ந்து போகிற மாதிரி ஒரு விளையாட்டு வேணும் என்று அம்மாதான் பனிச்சறுக்குக்கு மாற்றினார். மழை பெய்கிறது, இன்றைக்குப் பயிற்சி வேண்டாமே என்று சோம்பல் வந்தால் அண்ணனைப் பார்ப்பேன், இந்த வாய்ப்பு அவனுக்குக் கிடைத்தால் விடுவானா என்று கிளம்பிவிடுவேன்... பேட்டிகளில் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான்.

அண்ணன் வீடியோவை நிறுத்தினான். அப்படியே திரையில் பிரெடரிக் முகம்.

''அண்ணனை எங்க நிக்க வச்சிருக்கான் பாரு'' என்றான்.

வேறெதுவும் சொல்லவில்லை. நுரை காய்ந்து என் முகம் இழுத்தது.

சார், 2010-ல் எனக்கும் வயசு 22. ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப். கூட வேலை பார்த்த மூன்று பேர் ஒரு சனிக்கிழமை திடீரென்று வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் பைக் சத்தம் கேட்டதும் நான் செய்த முதல் காரியம், அண்ணனை உள் ரூமுக்கு அனுப்பியது. ''கொஞ்ச நேரம் உள்ள இரு, ஆபீஸ் ஆளுங்க...'' அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. காபி குடிக்கும்போது ஒருவன், ''வீட்ல யாரெல்லாம்?'' என்றான். ''அப்பா, அம்மா, நான்'' என்றேன். அந்த நிமிஷம் வரை உள்ளே கிரிக்கெட் கமென்ட்ரி கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாக சவுண்ட் குறைந்தது. குறைத்தது அவன்.

இதைப்பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் மறந்திருப்பான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு வசதியான நம்பிக்கை.

''இன்னொண்ணு இருக்கு'' என்று 2014 சோச்சியைப் போட்டான் அண்ணன். மறுபடி பிலோதோவுக்கே தங்கம். பிரீஸ்டைல் பனிச்சறுக்கில் ஒலிம்பிக் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்ட முதல் ஆள். வெள்ளி இன்னொரு கனடாக்காரன், மிகேல் கிங்ஸ்பரிக்கு. (சின்னப் பையனாக ஒலிம்பிக் வளையங்களை வரைந்து, 'நான் ஜெயிப்பேன்' என்று எழுதிப் படுக்கைக்கு மேலே ஒட்டிவைத்தவன். 2018-ல் ஜெயித்தான்.) ஓட்டம் முடிந்ததும் பிலோதோ செய்தது எனக்குப் பதக்கத்தைவிடப் பெரிசாகப் பட்டது. நேராக வேலிக்குப் போனான். அந்தப் பக்கம் நின்ற அண்ணனை அப்படியே அள்ளி, வேலிக்கு இந்தப் பக்கம் தூக்கிக்கொண்டான்.

''இப்ப என்ன பண்றான்?'' என்றேன், தொண்டையைச் செருமி.

''அதோட ரிட்டையர் ஆயிட்டான். அப்பவே அக்கவுன்டன்சி படிச்சிட்டிருந்தான். அந்த லைன்லயே போயிட்டான்.'' அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். ''அவனாவது ஒழுங்கா முடிச்சான்.''

(சி.ஏ. இன்டரில் மூன்று தடவை விழுந்துவிட்டுப் பத்தி எழுத வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது!)

அன்று சாயங்காலம் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் வருவதாக இருந்தது. அண்ணன் வழக்கம்போல நாலு மணிக்கே போனை எடுத்துக்கொண்டு உள்ளே கிளம்பினான். ''எங்க போற? இங்கயே உட்காரு'' என்றேன். சந்தேகமாகப் பார்த்தான். உட்கார்ந்தான்.

நண்பர் வந்தார். ''இது எங்க அண்ணன்'' என்றேன். மரியாதைக்கு, ''போன்ல என்ன சார் பார்க்கறீங்க?'' என்று கேட்டுவைத்தார் அந்த அப்பாவி.

முக்கால் மணி நேரம்! காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. நண்பர் இரண்டு தடவை எழுந்து பார்த்தார். அண்ணன் அப்போதுதான் முழங்கால் ஒட்டுத்துணிக்கு வந்திருந்தான்.