என் கம்பி சொன்ன பொய்

கிள்ளானில் 22 ஆண்டுகளாக வயரிங் வேலை செய்கிறேன். கடைவீடு, தொழிற்சாலை, கோயில் திருவிழாச் சரவிளக்கு என்று நான் கை வைக்காத இடம் குறைவு. அதனால், “பிளேனுக்கு வயர் இழுக்கணும், வர்றியா மச்சான்?” என்று பெர்த்திலிருந்து அத்தான் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெறும் 12 வோல்ட். 240 வோல்ட்டோடு பழகியவனுக்கு அதெல்லாம் ஒரு வேலையா?

அத்தான் சுரங்க நிறுவனத்தில் மெக்கானிக். வீட்டு கராஜில் ஏழு ஆண்டுகளாக ஒரு விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆர்வி-7 என்று பெயர். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். அமெரிக்காவின் வேன்ஸ் நிறுவனம் அதன் பாகங்களைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறது. இப்படிப்பட்ட விமானத்தில் பாதிக்கு மேற்பட்ட வேலையைப் பொழுதுபோக்காகக் கட்டுபவர்களே செய்திருக்க வேண்டும் என்பது விதி.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போய் இறங்கினேன். முதல் நாளே எனக்கு அடி. இணைப்புகளை ஈயம் வைத்து அழகாகப் பற்ற வைத்தேன். அத்தான் ஒன்றும் பேசாமல் அத்தனையையும் வெட்டிப் போட்டார்.

“வீட்டுச் சுவர் ஆடாது மச்சான். இது நிமிஷத்துக்கு 2,700 சுத்து சுத்துற இஞ்சின். ஈயம் இழைகளுக்குள்ள ஏறி, கம்பி விறைச்சுப் போயிடும். ஈயம் முடியுற இடத்துல ஆடி ஆடி ஒடியும்.”

அதன் பிறகு எல்லாம் கிரிம்பிங்தான். கம்பியின் செம்பை ஒரு பிடி, மேலுறையை ஒரு பிடி என்று டெர்மினல் இரண்டு இடத்தில் கவ்வ வேண்டும். கம்பியும் வேறு வகை. மேலுறை வீட்டு வயரைப் போல பிவிசி இல்லை. பிவிசி எரிந்தால் வரும் நச்சுப் புகை அந்தச் சின்ன அறைக்குள் விமானியை மூச்சுத் திணற வைத்துவிடும்.

நான் பெரிதாக நினைத்திருந்த ஒன்றும் மாறியது. பேட்டரி செத்தாலும் இந்த இஞ்சின் நிற்காது. தீப்பொறி கொடுக்கும் இரண்டு மேக்னெட்டோக்களும் தாமே மின்சாரம் உண்டாக்கிக்கொள்கின்றன. அப்படியானால் நான் இழுக்கும் கம்பிகளில் பாதி எதற்கு? இஞ்சின் எப்படி இருக்கிறது என்று விமானிக்குச் சொல்வதற்கு. எண்ணெய் அழுத்தம், எரிபொருள் அளவு, சிலிண்டர்களின் சூடு எல்லாம் அவற்றின் வழியாகத்தான் போகின்றன.

சிலிண்டர் சூட்டை அளப்பது தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் நுனியைச் சேர்த்தால், நுனிக்கும் மறுமுனைக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்துக்கு ஏற்பச் சிறு மின்னழுத்தம் பிறக்கும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட். மஞ்சள், சிவப்பு என்று இரண்டு கம்பிகள். சிவப்பு என்றால் கரண்ட் உள்ள கம்பி என்றே பழகியவன் நான். இங்கே சிவப்புதான் நெகட்டிவ்.

மூன்றாவது சிலிண்டரின் கம்பி ஒன்றரை அடி குறைந்தது. அத்தான் அப்போது வேலைக்குப் போயிருந்தார். கையில் நல்ல செம்புக் கம்பி இருந்தது. இஞ்சின் பக்கத்திலேயே ஒட்டுப்போட்டு, மேலே உறை மாட்டி மறைத்தேன். சென்சாரைக் கொதிக்கும் நீரில் வைத்துப் பார்த்தேன். மீட்டர் சரியாக 100 காட்டியது. வேலை சுத்தம் என்று நினைத்தேன்.

பெர்த்துக்குத் தெற்கே செர்பன்டைன் விமானத் திடலில் இஞ்சினை முதன்முதலாக ஓட்டினோம். அக்கா தேங்காய் உடைத்தார். சில நிமிடங்களில் மூன்று சிலிண்டர்கள் 150 டிகிரியை நெருங்கின. மூன்றாவது மட்டும் 120.

“நல்லதுதானே அத்தான், குளிர்ச்சியா இருக்கு” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “பின்னால இருக்கிற சிலிண்டர். அது மட்டும் ஏன் குளிரணும்?”

இரவு தூக்கம் வரவில்லை. அந்த ஒட்டு கண்முன்னால் நின்றது. “மீட்டர் கோளாறா இருக்கும்” என்று சொல்லிவிட்டு மறுவாரம் விமானம் ஏறியிருக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது இருக்கை அக்காவுடையது.

காலையில் அத்தானிடம் சொன்னேன். உறையை வெட்டி ஒட்டைக் காட்டினேன். அவர் ஹீட் கன்னை எடுத்து அந்த ஒட்டில் மட்டும் சூடு காட்டினார். இஞ்சின் குளிர்ந்திருந்தது. மீட்டரில் எண் ஏறவில்லை, கடகடவென்று இறங்கியது.

அப்போதுதான் புரிந்தது. செம்பு சேர்ந்த இடத்திலேயே அளவை முடிந்துவிடுகிறது. மீட்டரோ, தன் முதுகில் உள்ள சூட்டையே மறுமுனையின் சூடாக நினைத்துக் கணக்குப் போடுகிறது. ஒட்டு 65 டிகிரியிலும் மீட்டர் 25 டிகிரியிலும் இருந்தால் 40 டிகிரி காணாமல் போகும். கொதிநீர்ச் சோதனையில் இது தெரியவில்லை. அப்போது ஒட்டும் மீட்டரும் ஒரே சூட்டில் இருந்தன. இஞ்சின் எவ்வளவு சூடாகிச் சுற்றிலும் வெப்பம் பரவுகிறதோ, என் கம்பி அவ்வளவு ஆறுதல் சொல்லும். இவ்வகை லைகமிங் இஞ்சினில் சிலிண்டர் தலைக்கு 260 டிகிரிதான் உச்ச வரம்பு. அதைத் தொடும்போதும் அத்தானுக்கு 220 என்றுதான் தெரிந்திருக்கும்.

மீட்டரே இல்லையென்றால் விமானி சந்தேகப்பட்டுக்கொண்டாவது இருப்பார். பொய் சொல்லும் மீட்டர் அந்தச் சந்தேகத்தையும் எடுத்துவிடுகிறது.

அத்தான் திட்டவில்லை. சரியான கம்பியை வரவழைத்தார். அதை நானே இழுத்தேன்.

சோதனைப் பறப்புக் காலம் முடியும்வரை பயணி யாரையும் ஏற்றக் கூடாது. அது முடிந்ததும் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். இறக்கைக்குக் கீழே கடல். நான் முதலில் பார்த்தது மீட்டரைத்தான். நான்கு சிலிண்டர்களில் மூன்றாவதுதான் கொஞ்சம் அதிகச் சூடு. அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இப்போதெல்லாம் புது வீட்டு வயரிங் முடிந்ததும், மீட்டர் சரி என்று காட்டினாலும் உடனே பணம் வாங்கிக்கொண்டு கிளம்புவதில்லை. எல்லா ஏர்கோனையும் அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு ஒவ்வோர் இணைப்பின் சூட்டையும் அளக்கிறேன். “இவ்வளவு நேரமா?” என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். பெர்த் கதையைச் சொன்னால் தேநீர் கொண்டுவந்து வைக்கிறார்கள்.