புடவையின் உள்பக்கம்: ஆரணி

லண்டனில் படித்தபோது ஒரு சனிக்கிழமையை அருங்காட்சியகங்களுக்கென்றே ஒதுக்கினேன். காலையில் தேசிய உருவப்படக் காட்சியகம். பிளாசிப் போர் முடிந்து மீர் ஜாபரை ராபர்ட் கிளைவ் சந்திப்பதாக பிரான்சிஸ் ஹேமன் தீட்டிய ஓவியம் அந்தக் காட்சியகத்துடையது. பிளாசி நடந்தது 1757இல். அதற்கு ஆறு வருடம் முன்பு, 1751 டிசம்பரில், ஆற்காடு முற்றுகை முடிந்த கையோடு கிளைவ் வந்து போரிட்டது எங்கள் ஆரணியில். மதியம் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனேன். இந்தியத் துணிகளை விட்டு நகர மனம் வரவில்லை.

பட்டுக்குப் பேர்போன ஆரணி ஒரு காலத்தில் பருத்தி மஸ்லினுக்கும் பேர்போனது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் டாக்கா மஸ்லினைப் பற்றி எழுதும்போது ஆரணி மஸ்லினையும் சேர்த்தே எழுதினார்கள். 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளாக்கினார். மொத்தம் 20 படிகள். 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. அங்குள்ள ஆலைக்காரர்கள் அதைப் பார்த்து நெய்து இங்கே விற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எங்கள் தெருவிலோ மஸ்லின் என்ற சொல்லையே நான் கேட்டதில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஊர். கோட்டை, கைலாசநாதர் கோயில், பக்கத்தில் சத்தியவிஜயநகரத்தில் ஜாகீர்தார் அரண்மனை. வெளியூரில் ஆரணி என்றால் அரிசியா பட்டா என்று கேட்பார்கள். இரண்டும்தான். வெயில் ஏறுமுன் தெருவில் பட்டுப் பாவு நூலை நீள விரித்து அரிசிக் கஞ்சி போடும்போது இரண்டும் ஒன்றாகிவிடும்.

பாவு பிணைப்பதை ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பழைய பாவு தீரும் தறுவாயில் அதன் இழை நுனியையும் புதுப் பாவின் நுனியையும் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு ஒரு முறுக்கு. அவ்வளவுதான், முடிச்சே கிடையாது. ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றாக. எங்கள் அத்தை பேசிக்கொண்டே பிணைப்பார். கண் இழையில் இருக்காது, விரல் மட்டும் ஓடும். அந்த முறுக்கு தறியின் அச்சுக்குள்ளும் விழுதுக்குள்ளும் அறாமல் நுழைந்து போகும்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் நாற்பது வருடம் குழித்தறியில் உட்கார்ந்த அப்பா நெய்த புடவைகளில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. பட்டும் ஜரிகையும் முதலாளி தருவார். புடவையை ஒப்படைத்துவிட்டுக் கூலி வாங்கி வருவோம். ஒரு தலைமுறை என்ன நெய்தது என்று அடுத்த தலைமுறைக்குக் காட்ட எங்களிடம் ஒரு துண்டுத் துணிகூட இல்லை. வாட்சன் ஆலைக்காரர்களுக்காகச் செய்ததை நெசவாளர் பிள்ளைகளுக்காக ஆரணியில் செய்ய வேண்டும். கோட்டைக்குள் ஒரு கூடம் போதும். கண்ணாடி வேண்டாம், தொட்டுப் பார்க்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை இரவு அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், “உள்பக்கத்த பாத்தியா?” என்றார்.

“இல்லப்பா, முன்பக்கம்தான் தெரியற மாதிரி வச்சிருந்தாங்க.”

“அப்போ எப்படி நெஞ்சிருக்காங்கன்னு உனக்கு என்னா தெரியும்?”

ஊருக்கு வந்த அன்று தறியிலிருந்த புடவையின் ஓரத்தை மடக்கி, ஊதா முந்தானையின் உள்பக்கத்தைக் காட்டினார். ஒரு பிசிறு இல்லை.