ஜீனோவுக்கு உயிர் உண்டா?

தத்துவக் கேள்வி கேட்கும் அறிவியல் கதைக்குச் சினிமாக் கொட்டகையைவிட வீட்டுக் கூடமே ஏற்ற இடம். இதை எனக்குக் காட்டியது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த தொடர்கதை அது. பின்னர் ஆனந்த், சிவரஞ்சனி நடிக்கத் தூர்தர்ஷனில் தொடராக வந்தது.

அப்போது மயிலாப்பூரில் ஒரு ஸ்டோர் வீட்டில் குடியிருந்தோம். முன்கட்டு மாமி வீட்டில்தான் டிவி. விகடனை ஒரு வாரம் விடாமல் படித்தவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். கதை தெரியும், அதில் வரும் இயந்திர நாய் ஜீனோ எப்படி இருக்கும், எந்தக் குரலில் பேசும் என்பதுதான் தெரியாது. படித்தபோது ஆளுக்கொரு ஜீனோ இருந்தது. திரையில் எல்லாருக்கும் ஒரே நாய்.

“ஏன்டா, பேசறது, புஸ்தகம் படிக்கறது, யோசிக்கறது. அப்புறம் அதுக்கு உயிர் இல்லேன்னா எப்படி?” என்று மாமி கேட்டார். “உயிர் வேற, அறிவு வேற” என்றார் மாமா. “அப்ப உயிர்ங்கறது என்னன்னு சொல்லுங்கோ” என்றார் மாமி. இரவுச் சாப்பாடு ஆறிப்போகும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை. கபாலி கோயில் பிரசங்கத்தில் கேட்டதையெல்லாம் மாமா எடுத்து வைத்தார். ஒரு இயந்திர நாயை முன்னிட்டு ஆன்மாவைப் பற்றி இத்தனை அக்கறையாகப் பேசிக்கொண்டவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கதையில் இன்னொரு முள்ளும் உண்டு. பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். பெயர்கூட இரண்டெழுத்துக்குள் அடங்க வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ. எல்லாரும் வணங்கும் தலைவன் ஜீவா கடைசியில் வெறும் பிம்பம். அந்தக் கதை அரசுத் தொலைக்காட்சி வழியாகவே, ஒரு பிம்பமாக, எங்கள் கூடத்துக்குள் வந்தது. கொட்டகையில் பார்த்திருந்தால் இந்தப் பொருத்தம் உறைத்திருக்காது.

‘எந்திரன்’ (2010) படத்துக்கும் சுஜாதாவின் வசனப் பங்களிப்பு உண்டு. சிட்டி என்ற இயந்திர மனிதனின் ஆயிரம் பிரதிகள் பந்தாக உருண்டு வந்ததை எல்லாரும் வியந்தார்கள். என் மனதில் நிற்பது கடைசியில் வரும் அருங்காட்சியகக் காட்சி. பிரித்து வைக்கப்பட்ட சிட்டி, தான் சிந்திக்கத் தொடங்கியதே அதற்குக் காரணம் என்று ஒரு சிறுமிக்குச் சொல்கிறது. அதற்குச் செலவு என்ன? ஒரு அறை, ஒரு குரல்.

இப்படிப்பட்ட கதைக்குச் சின்னத்திரையே போதும் என்பதற்கு அமெரிக்காவிலும் சான்று இருக்கிறது. உர்சுலா லெ குவின் 1971-இல் எழுதிய ‘தி லேத் ஆஃப் ஹெவன்’ நாவலை அங்குள்ள பொதுத் தொலைக்காட்சி 1980-இல் படமாக்கியது. ஒருவன் காணும் கனவு உலகத்தையே மாற்றிவிடுகிறது. அந்தக் கனவுகளைக் கொண்டு உலகைச் சீர்திருத்தப் பார்க்கிறார் அவனுடைய மருத்துவர். நல்லது செய்யவே ஆனாலும் உலகை வளைக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்பதுதான் கதை. சிறிய முதலீட்டில் எடுத்த படம். உரிமைச் சிக்கலால் ஏறத்தாழ இருபது ஆண்டு முடங்கிக் கிடந்தது. பார்த்தவர்கள் மறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2000-இல் மறுபடி ஒளிபரப்பானது.

சுஜாதா கற்பனை செய்த 2020-கள் வந்தேவிட்டன. இயந்திரம் யோசிக்கிறதா என்று இன்று வீட்டுக்கு வீடு பேசுகிறார்கள். தூர்தர்ஷன் அந்தத் தொடரை முழுமையாக மறுபடி ஒளிபரப்ப வேண்டும். அந்தக் கதையின் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வை யாராவது சின்னத்திரைக்கென்றே எடுக்க வேண்டும். கிராஃபிக்ஸ் குறைவாக இருந்தாலும் குற்றமில்லை, ஜீனோவின் பேச்சை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.